சரக்குத்தூள் யாருக்கு

வெள்ளவத்தை,
08.07.2025, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகள் துஷாந்தினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முறைப்பாடு சொல்லத் தொடங்கிவிடுகிறது. நீ அங்கே ரொறொன்ரோவில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழும்புகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் தினமும் வேலைக்கு பஸ் ஏறுகிறேன். போனில் எல்லாம் கதைக்கிறோம், ஆனால் ஆஸ்பத்திரியில் கையில் வைத்துக்கொள்ள உங்கட எழுத்தில ஏதாவது வேணும் என்று நீ கேட்டாய். நீ கேட்கிற சாமான்களில் என்னால் கொடுக்கக்கூடிய ஒன்று இதுதான், அதனால் சொல்லைப் பார்த்துப் பார்த்து எழுதாமல் வாயில் வருகிறபடி எழுதுகிறேன், நீயும் அப்படியே வாசி.

திகதி குறித்துவிட்டார்கள், இருபத்தொன்பதாம் திகதி மொன்றியலில் சத்திரசிகிச்சை என்று போன புதன்கிழமை நீ சொன்னபோது நான் நூலகத்தின் பின்படிக்கட்டில் நின்றிருந்தேன். பதினொரு மாதமாக நாம் இருவரும் கதைப்பது அந்தப் படிக்கட்டில்தான். நீ ஒரு பெண் என்று எங்களுக்குச் சொன்ன நாளில் அப்பா போனில் சொன்னதை நான் திரும்ப இங்கே எழுதப் போவதில்லை, அது உனக்கும் எனக்கும் மனப்பாடம். அதற்குப் பிறகு அவர் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, வீட்டில் உன் பேச்சும் எடுப்பதில்லை. திகதியைச் சொன்ன கையோடு நீ என்னை வரமுடியுமா என்று கேட்டாய். கேட்டுவிட்டு உடனே, பரவாயில்லை அம்மா, ரொனி நிற்கிறான் என்றும் சொன்னாய். உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிற அந்தப் பிள்ளைக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள். ஆனால் அவனுக்கு லீவு நாலு நாள்தான், அதற்குப் பிறகு நீ அந்த ஊரில் தனியே கிடக்க வேண்டும். என்னுடைய விசாவுக்கு விண்ணப்பித்து ஐந்து கிழமை, இன்னும் பதில் இல்லை, இருபத்தொன்பதுக்கு முன் வராது என்று முகவர் கையை விரித்துவிட்டார். உன் பெரியப்பாவின் செத்தவீட்டுக்குக் கனடா போனபோது கிடைத்த பத்து வருட விசா அப்பாவின் பாஸ்போட்டில் சும்மா கிடக்கிறது. அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன், கேட்க வாய் வரவில்லை.

பயமாக இருக்கிறது, பயம் இருந்தால் நான் பிழை செய்கிறேன் என்று அர்த்தமா என்று கேட்டாய் அல்லவா. அன்றைக்கு பஸ் சத்தத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. பயம் வேறு, சந்தேகம் வேறு பிள்ளை. கத்திக்கும் மயக்க மருந்துக்கும் பயப்படாதவர் யார். உனக்குச் சந்தேகம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, ஏழு வருடம் ஒரு விஷயத்தைத் தனியே சுமந்து, வைத்தியர், ஆலோசகர் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தவள் நீ. நீ அனுப்பிய ஆஸ்பத்திரிக் கையேட்டைக் கடையில் அச்செடுத்து நாற்பது பக்கத்தையும் வாசித்தேன், தெரியாததைப் படித்துத் தெரிந்துகொள்வதுதானே என் பழக்கம். அதில் ஓரிடத்தில், ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று முன்கூட்டியே உங்கள் கையால் எழுதி வைத்திருங்கள், வலி நாட்களில் எடுத்து வாசியுங்கள் என்று இருக்கிறது. அதைச் செய். எனக்குக் காட்ட வேண்டியதில்லை.

உண்மையும் ஒன்று சொல்லவேண்டும். முதல் இரண்டு மூன்று மாதம் நான் அழுதேன். ஒரு மகனை இழந்துவிட்டேன் என்று நினைத்து அழுதேன். பிறகு, என்னத்தை இழந்தேன் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். போனில் வரும் சிரிப்பு அதேதான், சாப்பாட்டில் முதலில் அப்பளத்தை முடிக்கிற பழக்கம் அதேதான், கோபம் வந்தால் இரண்டு நாள் கழித்துக் கதைப்பதும் அதேதான். பன்னிரண்டு வயதிலிருந்து உன் முகத்தில் இருந்த ஒரு இறுக்கம் மட்டும்தான் இப்போது காணவில்லை. அதற்காக அழுகிறவள் அம்மாவா. அன்றோடு நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று, இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, அப்பாவுக்கும் தெரியாது. உன்னைக் களுபோவில ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள், எனக்கு அப்போது இருபத்தொரு வயது. முதல் மூன்று நாளும் வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்தேன். நாலாம் நாள் காலையில் காரணமே இல்லாமல் அழத் தொடங்கினேன். ஏன் இதைச் செய்தேன், இனி என் உடம்பு எனக்குத் திரும்பி வராது, எல்லாம் பிழையாகிவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள், உன்னைப் பார்க்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய வெட்கம் என் வாழ்க்கையில் வேறு இல்லை. கட்டில் விரிப்பு மாற்ற வந்த ஒரு சிங்களத் தாதி என்னைப் பார்த்துவிட்டு, நங்கி, ஹத்தரவெனி தவஸே ஹெமோம அண்டனவா என்றாள். தங்கச்சி, நாலாம் நாள் எல்லாரும் அழுவார்கள் என்று, விரிப்பைத் தட்டிக்கொண்டே, இன்றைக்கு மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த மாதத்தைக் கடந்தேன். உனக்கும் அப்படி ஒரு நாள் வரும். நாலாம் நாளோ பத்தாம் நாளோ தெரியாது. வீக்கமும் நோவும் மருந்து மயக்கமுமாக இருக்கும்போது, எல்லாம் பிழையாகிவிட்டது என்று மனம் சொல்லும். அது உடம்பு களைத்துப்போய்க் கதைக்கிற கதை, அதை வைத்து எந்தத் தீர்ப்பும் எழுதாதே. முதல்முறை கட்டுப் பிரிக்கும்போது தனியே பார்க்காதே, தாதி பக்கத்தில் நிற்கும்போது பார். பார்க்க அழகாக இருக்காது என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள், என்னுடைய தையலும் ஆறு மாதம் அழகாக இருக்கவில்லை. கண்டவர்கள் எழுதுகிற அனுபவங்களை போனில் தேடித் தேடி வாசிக்கவும் வேண்டாம்.

இனி நான் செய்த வேலையைச் சொல்கிறேன், நீ என்னைத் திட்டலாம். ஒப்பரேஷன் செய்த உடம்புக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், உன்னைப் பெற்றபோது எனக்குக் கறி வைத்துத் தந்த சரக்குத்தூள். சனிக்கிழமை மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, திப்பிலி எல்லாம் காயவைத்து வறுத்துக்கொண்டு ராசிக் நானாவின் அரைக்கிற மில்லுக்குப் போனேன். மிளகாய்த்தூள் அரைத்த மெசினில் இதை அப்படியே போடமுடியாது, பத்தியக்கறிக்கு ஒரு துளி மிளகாய் உறைப்பும் ஆகாது, அதனால் கொஞ்சம் அரிசியும் கொண்டுபோய், முதலில் இதைப் போட்டு மெசினைத் துப்புரவாக்குங்கள் நானா என்றேன். நம்முடைய ஆட்களில் அரிசியும் சரக்குமாக மில்லுக்கு வருகிற பெண் எதற்கு வருகிறாள் என்று அவருக்குத் தெரியாதா. வெள்ளவத்தையில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதலில் தெரிவது அவருக்குத்தான். பெரிதாகச் சிரித்துக்கொண்டு, மாஷா அல்லாஹ், யாருக்கு மிஸ், புள்ள கெடச்சிரிக்கி என்று கேட்டார். என் மகளுக்கு ஒப்பரேஷன் என்று சொல்ல மூன்று சொல் போதும். நான் சிரித்தேன். வெறும் சிரிப்பு. எனக்குப் பின்னால் அரிசிமாப் பையோடு நின்றவர் மூன்றாம் மாடி சரோஜினிதேவி அக்கா.

மிச்சத்தை நீயே யோசித்துப்பார். நான் தூளோடு வீட்டுக்கு வருவதற்குள் செய்தி லிப்டில் ஏறிவிட்டது. அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கதை, வரதராசாவின் பெடியன் கனடாவில் யாருக்கும் சொல்லாமல் ஒருத்தியைக் கட்டி, இப்போது பிள்ளையும் பிறந்து, தாயும் தகப்பனும் வெட்கத்தில் ஒளித்துவைத்திருக்கிறார்களாம். கீழ்வீட்டு டில்ஷானி படியில் என்னை மறித்து, அன்ரி, வெள்ளைக்காரியோ என்று இரகசியமாகக் கேட்கிறாள். அதற்கும் நான் இல்லை என்று சொல்லவில்லை. பதினொரு மாதமாக உனக்கு நானே பெரிய துணை என்று நினைத்துக்கொண்டிருந்தவள், பின்படிக்கட்டை விட்டு வெளியே வந்ததும் ஒரு மில்காரருக்கு முன்னால் உன்னை ஒளித்துவிட்டேன். வேறு யாராவது சொல்லி நீ அறிவதைவிட நானே சொல்வது நல்லது என்று எழுதுகிறேன். என்னை மன்னித்துக்கொள் பிள்ளை. நூலகத்துக்கு நேரமாகிவிட்டது, மிச்சம் பிறகு.

14.07.2025, திங்கட்கிழமை.

இந்தக் கடிதத்தை ஆறு நாள் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன், தபாலில் போட்டிருந்தால் நேற்று நடந்தது இதில் இருந்திருக்காது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணிபோல. அப்பா சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார், நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். சரோஜினிதேவி அக்கா பட்டுச்சேலையோடு வந்தார், கையில் பேபி கொலோனும் சவர்க்காரமும் வைத்த பெட்டி, நாடா கட்டியிருந்தது. வந்து இருந்து பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து, தம்பி, உங்களோட நாங்கள் பதினெட்டு வருசமா ஒரே கட்டடத்தில இருக்கிறம், ஒரு வாய் சொல்லேல்லைப் பாத்தீரே என்றார். அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். வெள்ளைக்காரியெண்டா என்ன, கறுப்பியெண்டா என்ன, இந்தக் காலத்தில ஆர் பாக்கினம், ஒளிச்சு வைச்சு என்ன கண்டியள், அதைவிடும், பேரனோ பேத்தியோ அதைச் சொல்லும் என்று அக்கா விடாமல் கேட்டார். எனக்குக் கத்தி கையிலேயே நின்றுவிட்டது. அப்பா எழும்பி உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன், உன் பேச்சு வந்தால் அவர் செய்வது அதுதான்.

அவர் எழும்பவில்லை. பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மருந்துக்கடையில் ஆட்களுக்குக் குளிசை சொல்லிக் கொடுப்பாரே, அந்தக் குரலில் சொன்னார். பேரனுமில்லைப் பேத்தியுமில்லை அக்கா. எங்கட பிள்ளைக்கு ஒரு பெரிய ஒப்பரேஷன். ஆம்பிளைப் பிள்ளையெண்டு நாங்கள் வளத்தனாங்கள், அவ பொம்பிளைப் பிள்ளை. பேர் துஷாந்தினி. இந்த மாசம் இருபத்தொன்பதாந் திகதி. அந்தத் தூள் அவவுக்குத்தான். நான் கொண்டு போறன்.

உன் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதை எங்கே படித்தார் என்று எனக்குத் தெரியாது, நான் வீட்டில் சத்தமாகச் சொன்னதே இல்லை. அக்காவின் முகத்தில் எல்லாம் வந்து போனது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, அப்ப ஒப்பரேஷனுக்கும் சரக்குத்தூள் குடுக்கலாமோ தம்பி என்று கேட்டார். முதல் சில நாளைக்கு வேண்டாம், பிறகு டொக்டரைக் கேட்டுக் குடுக்கலாம் அக்கா, உள்ளி வேர்க்கொம்பு ரத்தத்தை இளக்கும் என்று அப்பா விளக்கம் சொன்னார். அக்கா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கதவைச் சாத்திவிட்டு, எப்ப இதை யோசிச்சனீங்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், அந்தப் புத்தகத்தில முதல் ரெண்டு கிழமையும் பக்கத்தில ஆள் வேணுமெண்டு போட்டிருக்கு, நாலு மருந்து, நாலு நேரம், அந்தப் பெடியன் போனாப் பிறகு ஆர் குடுக்கிறது என்றார். நான் ஓடிப்போய்க் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் சும்மா கிடக்கிறது என்று நான் நினைத்திருந்த அந்த நாற்பது பக்கத்திலும் மருந்துப் பெயர் வருகிற இடமெல்லாம் பென்சிலால் சின்னச் சின்னக் குறிப்பு, அவருடைய கோழிக்கால் எழுத்தில். ஓரிடத்தில், இது வெறும் வயிற்றில் கூடாது என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். எத்தனை நாளாக வாசித்தாரோ. உன் திகதியையும் ரொனியின் நாலு நாள் லீவையும் அதன் பின்பக்கத்தில் நான்தான் குறித்து வைத்திருந்தேன்.

நேற்றுப் பின்னேரம் உன்னிடம் போனில் கேட்டேன், அப்பா வந்தால் உனக்குச் சம்மதமா, இது உன் உடம்பு, உன் நாட்கள், வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல், நான் அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்று. நீ, அப்பாட்ட குளிருக்குப் போடுற சட்டை இருக்கோ என்று கேட்டாய். ஜூலை மாதத்தில். அதையே நான் ஓம் என்று எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை இருபத்தாறாம் திகதி ஏறுகிறார், திங்கட்கிழமை உன்னோடும் ரொனியோடும் மொன்றியலுக்கு வருவார். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்து அனுப்புகிறேன்.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். இன்று காலை லிப்டில் அக்கா என்னைக் கண்டதும் கைப்பையில் எதையோ தேடத் தொடங்கினார். அப்பாவோடு மரைன் டிரைவில் நடக்கிற கூட்டாளிகள் இன்று அவருக்காக நிற்காமல் முன்னால் போய்விட்டார்களாம், அவர் தனியே நடந்துவிட்டு வந்தார், வழமையைவிட இரண்டு தோசை குறைவாகச் சாப்பிட்டார். நான் மில்லுக்குப் போய் ராசிக் நானாவுக்கு என் வாயாலேயே சொன்னேன். அவர் மெசினை நிறுத்திவிட்டு, அல்லாஹ் சொகத்தக் குடுக்கட்டும் மிஸ் என்றார், அதற்குமேல் கேட்கவில்லை. கொலோன் பெட்டியை அக்கா திருப்பிக் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. அப்பா குளித்துவிட்டு அதைத்தான் பூசுகிறார், வீடு முழுக்கப் பிள்ளை பெற்ற வீடுபோல மணக்கிறது.

அவருக்குச் சரக்குக்கறி வைக்கப் பழக்குகிறேன். உள்ளியை எத்தனை கிராம் என்று கேட்கிறார், கைக்கணக்கு என்றால் புரியவில்லை, கடைசியில் மருந்து அளக்கிற கரண்டியால் அளந்து எழுதிக்கொண்டார். நேற்று இரவும் இன்று மத்தியானமும் எங்களுக்கு அதுதான் சாப்பாடு, அவர் கையில் சரிவரும்வரை அதுதானாம். பிள்ளை பெறாமலே நான் பத்தியம் காக்கிறேன். உனக்கு அவர் வைப்பது உப்பில்லாமல் இருந்தாலும் சாப்பிடு.

அவரைப் பற்றி உனக்குக் கொஞ்சம் சொல்லி வைக்கவேண்டும். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பாராதே, அவருக்கு அந்தப் பாசை வராது. ஆனால் அன்று அவர் சொன்னதை நீ மறந்துவிட வேண்டும் என்றும் நான் கேட்கமாட்டேன், அது உன்னுடைய விருப்பம், ஆறுகிற உடம்போடு அதையும் சேர்த்து ஆற்றவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. பழைய பெயர் அவர் வாயில் வரும். முதல்தரம் திருத்து, இரண்டாந்தரம் விட்டுவிடு, மூன்றாந்தரம் திரும்பத் திருத்து. நீ அழுகிற நாளில் என்ன செய்வதென்று தெரியாமல் மருந்துப் போத்தல்களை அடுக்கத் தொடங்குவார், அடுக்கட்டும். காயம் ஆறும்போது உள்ளே சுருங்கிவிடாமல் இருக்கச் செய்யவேண்டிய பயிற்சி கையேட்டின் இருபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, அதை நேரம் தவறாமல் கதவைச் சாத்திக்கொண்டு செய், நோகிறதென்று ஒரு நாளும் விடாதே. அவர் வெளியில் நின்று மணி சொல்லுவார், அதற்குமேல் அதைப் பற்றி நீங்கள் இருவரும் கதைக்கவேண்டாம், இருவருக்கும் உயிர் போய்விடும். உனக்கு வாய்விட்டுக் கதைக்க வேண்டியதெல்லாம் எனக்கு போன் எடுத்துக் கதை, எந்த நேரம் என்றாலும் எடு. இனிமேல் நான் படிக்கட்டில் நிற்கமாட்டேன், வீட்டுக்குள்ளேயே இருந்து கதைப்பேன்.

இன்று பின்னேரம் அவருடைய பெட்டியை அடுக்கிக்கொண்டே, அவளைக் கண்டவுடனே என்ன சொல்லப் போறியள் என்று கேட்டேன். ஒரு சட்டையை மூன்றுதரம் மடித்தார். பிறகு, முதலில மருந்துத் துண்டைக் காட்டச் சொல்லுவன் என்றார். அவரிடமிருந்து வருவது அதுதான், தயங்காமல் எடுத்துக் காட்டு.

நீ கண்விழிக்கும்போது உனக்குள் இருக்கிற ஆளும் கண்ணாடியில் தெரிகிற ஆளும் ஒருவரையொருவர் அடையாளம் காண, அம்மா தினமும் பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நோ குறைந்து, காயம் ஆறி, நூறு வயதுவரை நல்ல நித்திரை கொள்ளவேண்டும் நீ. ரொனிக்கும் என் ஆசி, அவன் வேலைக்குத் திரும்புமுன் வயிறாரச் சாப்பிட வை. ஒன்றை மறக்கவேண்டாம். ஆஸ்பத்திரியில் சேரும்போது, அவசரத்துக்கு யாருக்கு அறிவிப்பது என்று ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். அதில் நீ ரொனியின் பெயரை எழுதியிருப்பாய், அது அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே இடம் இருந்தால், சுப்பிரமணியம் வரதராசா, தகப்பன், என்று எழுது. அவர் தானாகக் கேட்கமாட்டார், நீ எழுதுகிறாயா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

உன்னைப் பெற்றதில் ஒரு நாளும் குறைப்படாத,
அம்மா
சுபோதினி வரதராசா